உள்பக்கத்துக் குமிழ்

"சாவியெல்லாம் தூக்கிக் கடாசிடுங்க சார். இனிமே உங்க ஃபோன்தான் சாவி."

இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு தங்கும் விடுதியின் மாடி நடையில், ஏணி மேல் நின்று கூரையில் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் ரிப்பீட்டரைத் திருகிக்கொண்டே, கீழே அண்ணாந்து பார்த்த மேனேஜரிடம் சொன்னாள். அவள் ஆள் நெட்டை. ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் தேடி அலைகிற ஜென்மம். வேலையிடத்தில் அவளுக்கு டவர் என்று பெயர். வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

கதவுப் பூட்டுகளுக்கு வயர்லெஸ் போடுவதில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. எல்லாக் கதவையும் மூடிவிட்டுத்தான் சோதிப்பாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிக்னல் பார்ப்பதும், கல்யாணத்துக்கு முந்தி மாமியாரை எடை போடுவதும் ஒன்று, எல்லாம் நல்லாத்தான் தெரியும் என்பாள். பூட்டோடு பேசுகிற பெட்டியை எங்கே வைப்பது, எந்தச் சுவருக்குள் இரும்பு ஒளிந்திருக்கிறது, கரண்ட் போனால் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசித்து யோசித்துச் செய்கிறவள். இயந்திரம் எப்படியெல்லாம் காலை வாரும் என்பது அவளுக்கு அத்துப்படி. மனுஷக் கை எப்படி வாரும் என்பதைத்தான் அவள் யோசித்ததில்லை.

ஏணியில் நிற்கும்போதே இடுப்பில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'வீட்டுக் கதவு: தொடர்பு இல்லை' என்று இருந்தது.

திருகியதைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கத் தொடங்கினாள்.

அந்தக் கதவுக்கு உள்ளே அவளுடைய அப்பா இருந்தார். பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். ரிட்டயர் ஆனபோது நினைவெல்லாம் கல்லில் வெட்டினது மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்று போயிற்று. முதலில் பேர்கள், பிறகு நாள் கிழமை, பிறகு முகங்கள். அவள் முகமும் அதில் போய்விட்டது. வீட்டில் யாரோ ஒரு நல்ல பெண் வேளைக்குச் சோறு போடுகிறாள், அவருக்கு அவ்வளவுதான். போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது டிரைவர் பழக்கம் ஒன்றுதான். சிவப்பு விளக்கைத் தாண்டாத மனிதர். வண்டியை ஷெட்டில் விட்டால் மெயினை அணைக்காமல் இறங்க மாட்டார். அந்தப் பழக்கத்தில் வீட்டு மெயின் ஸ்விட்சையும் அவ்வப்போது போய்த் தட்டிவிட்டு வருவார்.

இரண்டு தடவை வீட்டை விட்டுப் போய்த் தொலைந்தும் போனார். இரண்டு தடவையும் ஆள் கிடைத்தது ஒரே இடத்தில், அவள் சின்ன வயதில் படித்த ஸ்கூல் வாசலில். ஸ்கூலை மூடி வருஷக்கணக்காகிறது. பக்கத்திலேயே பஸ் ஸ்டாப். மனுஷனுக்குப் பஸ் ஆசை விடவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"ஹோம்ல சேத்துடலாம். நீ வேலைக்குப் போயிட்டா யாரு பாத்துக்கறது? வண்டியில அடிபட்டா என்ன பண்ணுவே?" என்றான் அண்ணன். அவன் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்கிற தூரத்தில் இருந்தான். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே சுலபமாகத் தெரியும்.

"ஊருக்கெல்லாம் பூட்டுப் போடறேன், எங்கப்பாவுக்கு ஒரு பூட்டுப் போட மாட்டேனா?" என்று கேட்டுவிட்டு அவள் போட்டாள். பார்த்துப் பார்த்து வாங்கிய இரும்புத் தகட்டுக் கதவு. ஆபீஸ்களுக்குப் போடுகிற பூட்டு, மேலே கீழே நடுவே என்று மூன்று இடத்தில் தாழ் இறங்கும். வெளியே கார்டு காட்டினால் பூட்டு உள்ளே இருக்கும் பெட்டியைக் கேட்கும். பெட்டி சரி என்றால்தான் திறக்கும். உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் இருந்தது. அதைத் திருகினால் போதும், குழந்தைகூட வெளியே போய்விடலாம். அப்பா போய்விடக் கூடாதே என்று அந்தக் குமிழைக் கழற்றி டூல் பையின் அடியில் போட்டாள். மெயின் அணைந்தாலும் அந்த வெள்ளைப் பெட்டி சாகக் கூடாதென்று அதற்குக் கறுப்பாக ஒரு யூபிஎஸ் பேட்டரியும் வைத்தாள்.

பூட்டோடு இரும்புச் சாவியும் இரண்டு வந்தது. ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தாள். இன்னொன்று வீட்டுக்குள்ளேயே டிவிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சாவியைக் கடாசச் சொல்லி ஊரெல்லாம் உபதேசம் செய்கிறவள் இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு போனால் சிரிக்க மாட்டார்களா?

ஏணியை விட்டு இறங்குவதற்குள் ஃபோன் மறுபடி அடித்தது. எதிர் வீட்டுத் தையல்காரர். அப்பா வயது, அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாப்பா, உங்க வீட்டுல கீ கீன்னு என்னமோ ரொம்ப நேரமா கத்திட்டே இருந்துச்சு. இப்ப நின்னுபோச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா மெழுகுவத்தி வாசனை வருதே?"

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அப்பா மெயினை அணைத்திருக்கிறார். அணைந்ததும் யூபிஎஸ் கத்தியிருக்கிறது. கத்துவது எங்கே என்று தேடிப் போய் அதன் பட்டனையும் அமுக்கியிருக்கிறார். பெட்டி செத்தது. வெளியே மழை இருட்டு, உள்ளே அதைவிட இருட்டு. இழுப்பறையில் மெழுகுவத்தி இருந்தது. குமிழைக் கழற்றி ஒளித்து வைத்தவளுக்குத் தீப்பெட்டியை ஒளித்து வைக்கத் தோன்றவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு உதாரணம் கேட்பவர்களுக்கு இனி அவள் வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாம்.

மேனேஜர் ஏதோ கேட்டார். அவள் டூல் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள், எந்தத் தெருவில் திரும்பினாள் என்று அப்புறம் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. தீயணைப்புக்கு வழியிலேயே சொன்னாள். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, சுற்றித்தான் வரவேண்டும், வருகிறோம் என்றார்கள்.

மாடிப்படி ஏறும்போதே கூட்டம் தெரிந்தது. மேல் வீட்டுக்காரர்கள் கடப்பாரையோடு வந்து கதவை நெம்பிப் பார்த்துக் களைத்திருந்தார்கள். தேடித் தேடி வாங்கிய கதவாயிற்றே, வர்ணம் மட்டும்தான் உரிந்திருந்தது. கதவுக்கு மேலே கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். தையல்காரர் தன் தையல் ஸ்டூலின் மேல் ஏறி அதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவி பக்கத்துல மெழுகுவத்திய வெச்சிருக்காரு பாப்பா. திரைச்சீலை காத்துல ஆடி ஆடி அதுகிட்டயே போகுது."

அவள் கார்டைக் காட்டினாள். பூட்டில் சிவப்பாக ஒரு பொட்டு மின்னி அணைந்தது. பெட்டி செத்த பிறகு பதில் சொல்ல ஆளில்லாத கேள்வி. மறுபடி காட்டினாள், மறுபடி மறுபடி காட்டினாள். இரும்புச் சாவியோ உள்ளே, அந்த மெழுகுவத்திக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால் தொங்கியது.

"அப்பா! நான்தாம்பா!"

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. "யாரு?"

"உங்க பொண்ணுப்பா!"

"எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா. நீ யாரும்மா?"

"அப்பா, மொதல்ல அந்த மெழுகுவத்திய ஊதி அணைங்க!"

"அணைச்சா இருட்டாயிடுமே. நல்லா சொல்றே போ."

"அந்தக் கறுப்புப் பெட்டி பட்டனையாவது போடுங்கப்பா, கெஞ்சிக் கேக்கறேன்!"

"வண்டி ஷெட்டுக்கு வந்தாச்சும்மா. மெயின் ஆஃப். இனிமே யாரும் ஏறக் கூடாது. வேற வண்டி பாத்துக்கோ."

தையல்காரர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கம்பி வழியாக உள்ளே வீசினார். பாதி கம்பியில் பட்டு அவர் சட்டை மேலேயே வழிந்தது. மீதி எங்கே விழுந்ததோ தெரியவில்லை. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் அதட்டியது. "மழை உள்ள அடிக்குது பாரு. ஷட்டரை எறக்கி விடுங்கப்பா எல்லாரும்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் படிக்கட்டே சிரித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சொம்பை வாங்கக் குனிந்த தையல்காரர் நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"திரை பத்திக்கிச்சு பாப்பா."

எத்தனை கட்டடத்தில் எத்தனை கதவை ஒரு விரலால் திறந்து காட்டியிருக்கிறாள். பெற்ற அப்பா ஒரு சாண் இரும்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், அவரைத் தொட வழியில்லை. வெந்தாலும் உள்ளேயே வேகட்டும் என்று கதவை இப்படி அமைத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. "அப்பா, அப்பா" என்று கதறிக்கொண்டு உள்ளங்கையால் கதவை ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

உள்ளே செருப்புச் சத்தம் நின்றது.

"யாரது ரெண்டு தட்டுத் தட்டுறது? கண்டக்டரா?"

அவள் அழுகையை அப்படியே விழுங்கினாள்.

"ஆமா. கண்டக்டர்தான்."

"கொரல் பொம்பளக் கொரலா இருக்கு?"

"புதுசா சேந்திருக்கேன்ணே."

பெற்ற அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டாள். நாக்குக் கூசவில்லை. கூசுவதற்கெல்லாம் நேரமும் இல்லை.

"வண்டியதான் ஷெட்டுல போட்டாச்சேம்மா."

"கடைசி டிரிப் ஒண்ணு பாக்கி இருக்குண்ணே. ஜனம் நிக்குது."

"ஜனம் நிக்குதா?"

தையல்காரர் புரிந்துகொண்டார். ஸ்டூலின் மேலிருந்தே குரல் கொடுத்தார். "எவ்வளவு நேரமா நிக்கிறோம் டிரைவர்! மழையில நனைஞ்சிட்டு நிக்கிறோம், வண்டிய எடுய்யா!" கடப்பாரைக்காரர்களும் சேர்ந்துகொண்டு, எடுய்யா எடுய்யா என்று கத்தினார்கள்.

"ஜனம் நின்னா எடுத்துத்தானே ஆகணும்," என்றார் அப்பா. "சாவி எங்க போட்டேன்?"

"கீழ கறுப்பா ஒரு பெட்டி இருக்கு பாருங்கண்ணே. நீங்க அணைச்சீங்களே, அதுதான். அதுல பட்டனை அமுக்கிப் பிடிங்க. நல்லா பிடிங்க. இன்னும்... இன்னும்..."

கீ என்று ஒரு சத்தம் கேட்டது. உலகத்தில் அவள் கேட்டதிலேயே இனிமையான சத்தம். மறு நொடியே அது விடாமல் கத்த ஆரம்பித்தது. மெயின் இன்னும் அணைந்துதானே இருக்கிறது, யூபிஎஸ் கத்தாமல் என்ன செய்யும்?

"சனியன், மறுபடி கத்துது பாரு," என்று அப்பா அதன் பக்கம் குனிவது குரலிலேயே தெரிந்தது.

"தொடாதீங்கண்ணே! சிக்னல்! எதிர்ல வெள்ளப் பெட்டியப் பாருங்க, என்ன லைட்டு எரியுது?"

"செவப்பு."

"செவப்புல என்ன பண்ணணும்?"

"நிக்கணும். இது என்ன கேள்வி?"

"நிக்கிறோம்ல, அதான் பின்னாடி நிக்கிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"செவப்புல ஹாரன் அடிக்கிறவன் உருப்படுவானா? அடிக்கட்டும். நான் அசைய மாட்டேன்." நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி விழித்து எழுவது அவளுக்குப் பாடம். முதலில் சிவப்பு, அப்போது அது தன்னையே தேடிக்கொண்டிருக்கும். பிறகு மஞ்சள்; பூட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பூட்டுப் பதில் சொன்ன பிறகுதான் பச்சை. ஒரு காபியை ஆற்றிக் குடிக்கிற நேரம்தான், அதற்குள் பச்சை வந்துவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். இன்றைக்கு அந்த நேரம் நகரவே இல்லை. ஜன்னல் வழியாகப் புகை வெளியே வர ஆரம்பித்தது. தையல்காரர் இருமிக்கொண்டே சொம்பு சொம்பாக வீசினார்.

"கண்டக்டர், டீசல் புகை உள்ள வருதே."

"ஆமாண்ணே. தோள்ல துண்டு இருக்குல்ல, மூக்கச் சுத்திக் கட்டிக்குங்க."

"கட்டிக்கிட்டேன்." அவர் இருமினார். "கண்ணு எரியுது. எறங்கிப் பாக்கட்டுமா?"

எழுந்து ஓடுங்கப்பா என்று சொல்ல அவள் வாய் துடித்தது. எங்கே ஓடுவார்? எழுந்தால் போகிற போக்கில் அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டால்? எரிகிற திரைக்குப் பக்கத்தில், புகைக்குள், அவரைத் தன் வாயாலேயே உட்கார வைத்தாள்.

"எறங்காதீங்கண்ணே. செவப்புல டிரைவர் சீட்ட விட்டு எறங்கலாமா?"

"தப்புதான்," என்றார் அப்பா. அவர் இருமல் நீண்டுகொண்டே போயிற்று. அவள் கதவில் நெற்றியை வைத்து, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மஞ்சள் விழுந்துருச்சும்மா."

"நல்லாப் பாத்துட்டே இருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். புகையில ஒண்ணும்..." மறுபடி இருமல். பிறகு சத்தமே இல்லை.

"அண்ணே?"

கதவைத் தட்டினாள்.

"அண்ணே! அப்பா!"

"பச்சை," என்றது உள்ளேயிருந்து ஒரு கரகரத்த குரல். "பச்சை விழுந்துருச்சு. ரைட் சொல்லு."

அவள் விரல் ஃபோனில் விழுந்தது. மூன்று தாழும் ஒன்றன் பின் ஒன்றாக விலகின.

உள்ளே போனவர்கள் திரையைப் பிய்த்துப் போட்டு மிதித்து அணைத்தார்கள். சுவர் கூரை வரைக்கும் கறுத்திருந்தது. டிவி உருகி வழிந்திருந்தது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தில் துண்டோடு, இரண்டு கையையும் காற்றில் வட்டமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவரை அப்படியே கட்டிப் பிடித்து வெளியே இழுத்து வந்து படியில் உட்கார வைத்தாள். தையல்காரர் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்தார், இருமினார், மறுபடி குடித்தார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"ஹோல்டான் சொல்லாம டிரைவர் கையப் பிடிச்சு இழுக்குறே. புதுசுன்னா இப்படியா?" என்றார் அப்பா. பிறகு அவள் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார். "நல்லவேளை வந்தேம்மா. இது கடைசி டிரிப்தானே? ஸ்கூல் விட்டிருப்பாங்க. எம் பொண்ணு வாசல்ல நிப்பா. நான் போய்த்தான் கூட்டிட்டு வரணும். எந்தப் பாவியோ தெனம் கதவப் பூட்டிட்டுப் போயிடறான். திருகிப் பாக்கறேன், திருகறதுக்கு ஒண்ணுமே இல்ல. கொழந்த தெனமும் நின்னுட்டே இருப்பா."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே பார்த்தவர்கள் கதவின் உள்பக்கத்தையும் பார்த்தார்கள். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு அவளைக் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவள் ஆமாம் என்றாள். அண்ணன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. அவன் சொல்லப்போவது தெரியும். அதை மறுத்துப் பேச இனி அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை என்பதும் தெரியும்.

எல்லாரும் போன பின் அப்பாவை உள்ளே கூட்டி வந்து கதவைச் சாத்திவிட்டு டூல் பையைக் கவிழ்த்தாள். அடியில் கிடந்த குமிழை எடுத்துக் கதவில் வைத்துத் திருகினாள். திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. நாளைக்கு இவர் இதைத் திறந்துகொண்டு எங்கே போவார், எந்த வண்டிக்கு முன்னால் போய் நிற்பார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே முடுக்கினாள்.

முடுக்கி முடித்ததும் அப்பா எழுந்து வந்தார். குமிழைத் திருகினார். கதவு திறந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினார். அவள் அவர் பின்னாலேயே போனாள்.

மழை விட்டிருந்தது. ஸ்கூல் வாசலில் இரும்பு கேட் துருப்பிடித்துக் கிடந்தது. பக்கத்து ஸ்டாப்பில் பஸ் வந்து நின்று போயிற்று. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையிலும் சட்டையிலும் புகை நாற்றம். அவள் பக்கத்தில் நின்றாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன.

"இன்னும் வரலியே," என்றார்.

"வந்துடுவா," என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு பெண் தனக்காக இவ்வளவு நேரம் நிற்கிறாளே என்று அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"நீ கெளம்பும்மா. இருட்டிப் போச்சு. உங்கப்பா தேடுவாரு."